மத்தீஸ், பிக்காஸோ, ரெனுவார்... எல்லாரும் ஏன் அந்த ஒரே கடற்கரைக்குப் போனார்கள்?

மருதோன்றி:

வணக்கம். துணிகளுக்கு டிசைன் வரைவது என் வேலை. வருகிற ஜனவரியில் கம்பெனி வேலையாக லியோன் போகிறேன். வேலை முடிந்ததும் நான்கு நாள் கையில் இருக்கும். அந்த நான்கு நாளையும் பிரான்ஸின் தென்கடற்கரையில், கோத் தசூர் என்கிறார்களே அங்கே, கழிக்க ஆசை.

கல்லூரியில் நவீன ஓவியர்களைப் பற்றிப் படித்த காலத்திலேயே மனதில் விழுந்த கேள்வி இது. யாருடைய வாழ்க்கையை எடுத்தாலும் கதை கடைசியில் அந்தக் கரையில் போய் நிற்கும். ரெனுவார் கான்ய்-சுர்-மெரில். மத்தீஸ் நீஸில். பொன்னார் லெ கனேயில். பிக்காஸோ ஆன்திப், வலோரிஸ், கடைசியாக முஜான். ஷகால் சான் போலில். ஒருவர் இருவர் என்றால் தற்செயல் எனலாம். இத்தனை பேருமா? எங்கள் ஆசிரியர் "தெற்கின் வெளிச்சம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். நாம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வெளிச்சம்தான் காரணம் என்றால் எனக்கு அது போதவில்லை.

பணக்காரர்கள் ஓய்வெடுக்க வரும் ஊரில் ஓர் ஓவியருக்கு அப்படி என்ன கிடைத்தது? நேரில் பார்த்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். குளிரில் போய் என்னத்தைப் பார்ப்பாய், கோடைக்குத் தள்ளிப்போடு என்று வீட்டில் சொல்கிறார்கள். தள்ளிப்போட்டால் மறுபடி எப்போது வாய்க்குமோ என்று பயமாக இருக்கிறது.

ஆலமரத்தடி:

எனக்குத் தெரிந்தவரை முதல் காரணம் ரயில், அடுத்தது பணம். நீஸுக்கு ரயில் 1864இல் வந்தது. அதுவரை ஆங்கிலேயப் பிரபுக்களும் ரஷ்யச் சீமான்களும் குதிரை வண்டியில் நாள்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். ரயில் வந்த பிறகு ஹோட்டல், சூதாட்ட மாளிகை, உல்லாச மாளிகைகள் எல்லாம் மளமளவென்று எழும்பின. கோத் தசூர், அதாவது நீலக்கரை என்ற பெயரே ஸ்தெஃபான் லியெழார் 1887இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்ததுதான். அதற்கு முன்பு அந்தக் கரைக்கு அப்படியொரு பெயரே கிடையாது. பணம் புழங்கும் இடத்துக்குக் கலைஞர்கள் போவது எல்லாக் காலத்திலும் உள்ளது. வெளிச்சம் என்பது பிற்பாடு சேர்ந்துகொண்ட கதை என்றே நினைக்கிறேன்.

கடற்கரை என்றால் கோடைதான். முடிந்தால் ஜூலையில் போங்கள்.

மரச்சட்டம்:

ஜூலையில் வராதீர்கள். ஜனவரியிலேயே வாருங்கள். இதைச் சொல்லத்தான் பட்டறையிலிருந்து வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் நீஸில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். படங்களுக்குச் சட்டம் போடுகிற வேலை. மரம் அறுப்பது, மூலை சேர்ப்பது, பொன்தாள் ஒட்டுவது, கண்ணாடி வெட்டுவது. ஆகவே ஒரு படத்தை எல்லாரும் நடுவில் பார்த்தால் நான் முதலில் அதன் ஓரத்தைப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

ஆலமரத்தடி ரயிலைச் சொன்னது சரி. பணத்தில் எனக்கு உடன்பாடில்லை. ரெனுவாரின் படங்களை விற்ற த்யுரான்-ருயெல் இருந்தது பாரிஸில். மத்தீஸின் படங்களை வாங்கி விற்ற பெர்னேம்-ழான் கடையும் பாரிஸில்தான். விற்பதுதான் குறி என்றால் அவர்கள் பாரிஸை விட்டு நகர்ந்திருக்கவே கூடாது. இங்கே அவர்கள் வந்தது வேலை செய்ய. அதிலும் பலர் வயதான பிறகு, உடம்புக்கு முடியாமல் போன பிறகு, அல்லது ஒரு போர் தலைக்கு மேல் போய் முடிந்த பிறகு வந்தவர்கள். ஓய்வுக்கென்று கட்டிய ஊரில் இவர்கள் ஓயாமல் உழைத்தார்கள். நான் இந்த ஊரை நேசிப்பதற்குக் காரணமே இதுதான்.

அன்றைக்கு இது கோடை ஊரே அல்ல, தெரியுமா? குளிர்கால ஊர். இலையுதிர் காலத்தில் திறக்கும் பெரிய ஹோட்டல்கள் வெயில் ஏறத் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடும். 1923இல் ஜெரால்ட், சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி ஆன்திப் முனையில் இருந்த ஹோட்டல் து கப்பைக் கோடையிலும் திறந்துவைக்கும்படி கேட்டு இணங்க வைத்தார்கள். அது அந்தக் காலத்துக்குப் பெரிய புதுமை. அதற்கு முன்பு வந்த மோனே, சிக்னாக், ரெனுவார் எல்லாரும் பார்த்தது கூட்டம் நிறைந்த மணல்வெளியை அல்ல. மோனே 1888இல் ஆன்திப்பை வரைந்தது ஜனவரியிலிருந்து மே மாதம் வரை.

குளிர்காலத்துக்கு ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், சூரியன் நிற்கும் இடத்தால். டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட நீஸில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரிதான் ஏறியிருக்கும். அதே நாள், அதே நேரம் சென்னையில் 53 டிகிரிக்கு மேல். நம் வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது. அதைத் தடுக்கத்தான் நாம் தாழ்வாரமும் சாய்ப்பும் வைத்து வீடு கட்டினோம். இங்கே ஜனவரி வெயில் படுக்கைவாட்டில் வருகிறது. தெற்குப் பார்த்த சன்னலில் நுழைந்தால் எதிர்ச்சுவர் வரைக்கும் போய் உட்காரும். வடக்கே ஆல்ப்ஸ் மலை குளிர்காற்றை மறிக்கிறது, தெற்கே முழுக்கக் கடல். கடலில் பட்ட வெயில் திரும்பி இன்னொரு முறை, கீழிருந்து மேலாக, வீட்டுக்குள் வருகிறது. உங்கள் ஆசிரியர் சொன்ன வெளிச்சம் இந்த இரண்டாவது வெளிச்சம்.

நீஸுக்கு வந்ததும் சன்னல் கதவுகளைக் கவனியுங்கள். குறுக்குப் பட்டிகள் வரிசையாக வைத்த மரக்கதவுகள், பெரும்பாலும் பச்சை அடித்திருப்பார்கள். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பலகை மட்டும் தனிக்கீலில் வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். கதவு இரண்டையும் சாத்திவிட்டு அந்தப் பலகையை மட்டும் தூக்கி வைத்தால் வெயில் உள்ளே வராது, தரையிலிருந்து எழும் வெளிச்சம் மட்டும் மேலேறி அறையின் கூரையில் விழும். என் வாடகை வீட்டிலும் அப்படித்தான். காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரு வெள்ளை வேன் போனால் அதன் ஒளி என் கூரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்வதைப் படுத்தபடியே பார்க்கலாம். எனக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு தெரு இருக்கிறது. மத்தீஸ் தங்கிய அறைகள் கடலை நேரே பார்த்தவை.

அவர் 1917 டிசம்பரில் வந்து ஹோட்டல் போ ரிவாழில் இறங்கினார். விடாத மழை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தவர் சரி, கிளம்பிவிடலாம் என்று முடிவெடுத்தார். மறுநாள் மிஸ்த்ரால் காற்று அடித்து மேகத்தையெல்லாம் துடைத்துவிட்டது. அவர் கிளம்பவில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் குளிர்காலத்தை இங்கேயும் கோடையைப் பாரிஸ் பக்கத்திலிருந்த வீட்டிலும் கழித்தார். 1921இல் பழைய நகரத்தில் ஷார்ல்-ஃபெலிக்ஸ் சதுக்கத்தின் ஒன்றாம் எண் கட்டடத்துக்குக் குடிவந்தார். பூச்சந்தை நடக்கும் தெருவின் கோடியில், மஞ்சள் நிறத்தில், இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்து நீஸ் படங்களை எடுத்துப் பாருங்கள். கடல் இருக்கும், ஆனால் சன்னலுக்கு அப்பால் ஒரு கீற்றாக. படத்தின் பெரும்பகுதி அறைதான்: நாற்காலி, திரைச்சீலை, வயலின் பெட்டி, தரையில் விழுந்த பட்டி நிழல். துணிக்கு டிசைன் வரைபவர் நீங்கள், சுவரிலும் மேஜையிலும் அவர் போட்ட துணிகளைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

நான் இங்கே முதலில் வந்தது ஒரு ஆகஸ்டில். வந்த வாரமே லீவு போட்டு எல்லா மியூசியத்துக்கும் ஓடினேன். ஒன்றும் ஒட்டவில்லை. வெளியே கண் கூசியது, உள்ளே நெரிசல், சன்னல்களில் திரை. இவ்வளவுதானா என்று மனம் சோர்ந்துவிட்டது. டிசம்பரில் ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு சாதாரணச் சுவரில் ஆரஞ்சு நிறம் அடியிலிருந்து எரிவதைப் பார்த்தபோதுதான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மருதோன்றி:

அண்ணா, மிக்க நன்றி. வீட்டில் உங்கள் பதிலைப் படித்துக் காட்டி ஜனவரிக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்!

வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள் என்று எழுதினீர்கள். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? பிக்காஸோவை எங்கே வைப்பீர்கள்? அவர் நோயாளியும் இல்லை, குளிருக்கு ஒதுங்க வந்தவரும் இல்லையே. அப்புறம் நான்கு நாளில் எங்கெல்லாம் போகலாம் என்றும் சொல்லுங்கள்.

மரச்சட்டம்:

ரெனுவாரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். மூட்டுவாதத்தால் விரல்கள் உள்ளே மடங்கிப்போயிருந்தன. சூடான ஊர் வேண்டும் என்றுதான் தெற்கே வந்தார். 1907இல் கான்யில் கொலெத் என்ற தோட்டத்தை வாங்கினார். அங்கிருந்த பழைய ஆலிவ் மரங்களை வெட்டிவிடுவார்கள் என்று தெரிந்து, அவற்றைக் காப்பாற்றத்தான் வாங்கினார். முறுக்கிய அடிமரத்தோடு அவை இன்றும் நிற்கின்றன. தூரிகையின் காம்பு தோலை உராய்ந்து புண்ணாக்காமல் இருக்கக் கையில் துணி சுற்றிக்கொள்வார், இன்னொருவர் தூரிகையை விரலிடுக்கில் செருகிவிடுவார். ஸ்டுடியோவில் அவருடைய சக்கர நாற்காலி இருக்கிறது. அவரால் எழுந்து எட்டி வரைய முடியாது. அதனால் கேன்வாஸை உருளைகளில் சுற்றி, வரைய வேண்டிய பகுதியைக் கைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். தறியில் துணி நகர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். 1919 டிசம்பர் 3ஆம் தேதி அந்த வீட்டிலேயே இறந்தார். மத்தீஸ் நீஸுக்கு வந்த புதிதில் போய்ப் பார்த்தது இவரைத்தான்.

பொன்னார் 1926இல் லெ கனேயில் ஒரு சின்ன வீடு வாங்கினார். வெளியே போய் வரைகிற ஆள் கிடையாது. காலையில் நடந்துவிட்டு வருவார், சட்டைப்பை டைரியில் பென்சிலால் ஒரு கோட்டுப்படம், அன்றைய வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றதெல்லாம் வீட்டில், நினைவிலிருந்து. இதில் என் தொழில் சம்பந்தப்பட்ட சேதி ஒன்று இருக்கிறது. எல்லாரும் கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்துவிட்டு அதன் மேல் வரைவார்கள். அவர் மொட்டைத் துணியைச் சுவரில் குத்திவைத்துவிட்டு வரைந்தார். ஒரே துணியில் இரண்டு மூன்று படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வளரும். படம் எங்கே முடிகிறது என்பதைக் கடைசியில்தான் முடிவுசெய்து வெட்டுவார். சட்டம் போடுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. ஓரத்தை முன்கூட்டியே தீர்மானிக்காத ஒரு மனம். அவர் படங்களில் ஓரத்தில் ஓர் ஆள் பாதி மறைந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அவருடைய கடைசிப் படம் சன்னலுக்கு வெளியே பூத்திருந்த வாதுமை மரம். படுக்கையில் கிடக்கும்போது, இடதுபக்கக் கீழ்மூலையில் தரையின் பச்சை சரியில்லை, மஞ்சள் வேண்டும் என்று சொல்லி, தங்கை மகனின் கையைத் துணையாகக் கொண்டு மாற்றச் சொன்னார். சில நாளில், 1947 ஜனவரியில், போய்விட்டார். எண்பது வயதை நெருங்கியவர் சாகக் கிடக்கும்போது ஒரு மூலையின் பச்சை அவரைத் தூங்கவிடவில்லை!

பிக்காஸோ கதை வேறு. 1920களிலிருந்தே கோடையில் வந்து போய்க்கொண்டிருந்தவர்தான். ஆனால் 1946 தனி. போர் முடிந்திருந்தது, காதலி பிரான்ஸ்வாஸ் ஜிலோவோடு இருந்தார், வரைய இடமில்லை. ஆன்திப்பில் கடலோரம் உள்ள கிரிமால்தி கோட்டையை அப்போது மியூசியமாக வைத்திருந்தார்கள். அதன் காப்பாளர் தோர் தெ லா சூஷேர் மேல்மாடிக் கூடத்தைத் திறந்து கொடுத்தார். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை அங்கேயே வேலை. கேன்வாஸ் கிடைக்காத காலம். படகுக்கு அடிக்கிற பெயின்டையும் ரிப்போலின் எனாமலையும் வாங்கி, ஒட்டுப்பலகையிலும் சிமென்ட் ஷீட்டிலும் வரைந்தார். ஆம், கூரைக்குப் போடுகிறோமே, அதே வகை ஷீட். 'வாழ்வின் மகிழ்ச்சி' என்ற அந்தப் பெரிய படம் 120க்கு 250 சென்டிமீட்டர் சிமென்ட் ஷீட்டில் இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பாருங்கள். கேன்வாஸில் பெயின்ட் கொஞ்சம் உள்ளே இறங்கும், இழை தெரியும். இங்கே பெயின்ட் தட்டு கழுவி வைத்த மாதிரி மேலே நிற்கிறது, தூரிகை திரும்பிய இடத்தில் ஒரு தடிப்பு. கிடைத்ததை வைத்து வேலை பார்த்த ஒருவரின் குதூகலம் அந்தத் தடிப்பில் அப்படியே உறைந்திருக்கிறது. மியூசியத்தில் கிடந்த ஒரு படைத்தளபதியின் பழைய உருவப்படத்தின் மேலேயே, கடல்முள்ளெலி தின்னும் ஓர் ஆளை வரைந்தார். போகும்போது 23 ஓவியங்களையும் 44 கோட்டோவியங்களையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். செய்த இடத்திலேயே படங்கள் இருப்பது எத்தனை அபூர்வம், யோசியுங்கள். சன்னலில் கடல் தெரிகிறது, அதே கடல்.

அடுத்த வருஷமே பக்கத்து வலோரிஸ் ஊருக்குப் போய் மதுரா பட்டறையில் மண்ணில் கைவைத்தார். சமையல் பானை செய்து பிழைத்த குயவர் ஊர் அது, தொழில் படுத்துக் கிடந்த நேரம். பிக்காஸோ அங்கே செய்த வேலையைப் பற்றித் தனி இழையே போடலாம், இப்போது விடுகிறேன்.

இனி வான்ஸ். உங்கள் நான்கு நாளில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். 1941இல் குடல் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை நடந்து மத்தீஸ் பிழைத்து வந்தார். அதற்கு மூன்று வருஷம் முன்புதான் சிமியேஸ் குன்றில் ரெழினா கட்டடத்தில் வீடு வாங்கியிருந்தார். விக்டோரியா மகாராணி தங்கிய மாபெரும் ஹோட்டல் அது. குளிர்கால விருந்தினர்கள் வராமல் போனதும் அறை அறையாக வீடுகளாக்கி விற்றுவிட்டார்கள். உல்லாச ஊர் கழித்துப் போட்டது ஓவியருக்கு உயரமான கூரையும் பெரிய சன்னலுமாக வாய்த்தது. 1943இல் குண்டுவீச்சுக்குப் பயந்து மேலே வான்ஸ் ஊருக்குப் போனார். நீஸில் அவருக்கு இரவு நர்ஸாக இருந்த மோனிக் பூர்ழுவா பிறகு கன்னியாஸ்திரீயாகி அதே வான்ஸுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் ரொசேர் சிற்றாலயம். 1951 ஜூனில் அர்ச்சிப்பு நடந்தது, அப்போது அவருக்கு 81 வயது. நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிக்கொண்டு சுவரில் வரைந்து பழகினார். வெள்ளை ஓட்டில் கறுப்புக் கோடுகள், அவ்வளவே. கண்ணாடிகளில் மூன்று நிறம் மட்டும்: மஞ்சள், பச்சை, நீலம்.

காலை பதினொரு மணிக்கு அங்கே இருங்கள். தாழ்ந்த வெயில் கண்ணாடியைத் தாண்டி வெள்ளைத் தரையில் நீளமாக விழும். மஞ்சளும் நீலமும் ஓடுகளின் மேல் ஏறி, கறுப்புக் கோட்டில் முகமே வரையாத தொமினிக் புனிதரின் அங்கியைத் தொடும். நான் ஏழு முறை போயிருக்கிறேன். ஏழு முறையும் யாரும் சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை.

போக வேண்டிய வரிசை: முதல் நாள் நீஸ், சிமியேஸில் மத்தீஸ் மியூசியம், அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி, இறங்கும் வழியில் ஷகால் மியூசியம். மத்தீஸ் காகிதத்தை வெட்டி ஒட்டிய படங்களில் குண்டூசி குத்திய ஓட்டைகளைத் தேடுங்கள். காகிதத்தை ஒட்டுவதற்கு முன் சுவரில் குத்திக் குத்தி இடம் மாற்றிப் பார்த்த தடம் அது. இரண்டாம் நாள் கான்யும் வான்ஸும், வான்ஸுக்கு ரயில் கிடையாது, பஸ்தான். மூன்றாம் நாள் ஆன்திப், ரயில் கடலை ஒட்டியே போகும், இடதுபக்கம் உட்காருங்கள். நான்காம் நாள் லெ கனே. நீஸிலும் கான்யிலும் மியூசியங்களுக்குச் செவ்வாய் விடுமுறை, ஆன்திப்பிலும் லெ கனேயிலும் திங்கள். சிற்றாலயம் எல்லா நாளும் திறக்காது, கிளம்பும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்:

மரச்சட்டம் அண்ணனின் பதில்களை ஒரே மூச்சில் படித்தேன். ஒரு பெயரை மட்டும் சேர்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஷார்லோட் சாலொமோன். பெர்லினில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி, நீஸை அடுத்த வில்ஃப்ரான்ஷில் இருந்த தாத்தா பாட்டியிடம் வந்து சேர்ந்தாள். பாட்டி 1940இல் தற்கொலை செய்துகொண்டார். அதே வருஷம் இவளையும் தாத்தாவையும் கூர்ஸ் முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்த பிறகு இந்தக் கரையில் உட்கார்ந்து 700க்கும் மேற்பட்ட படங்களாகத் தன் குடும்பக் கதை முழுவதையும் வரைந்தாள். சிவப்பு, மஞ்சள், நீலம், அந்த மூன்றையும் கலந்தே எல்லா நிறமும். அந்தப் பொதியை ஒரு டாக்டரிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னாள். 1943 செப்டம்பரில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது அவளுக்கு 26 வயது, வயிற்றில் குழந்தை. படங்கள் இப்போது ஆம்ஸ்டர்டாமில் இருக்கின்றன. மத்தீஸ் வான்ஸுக்கு ஏறிய அதே 1943 அது. இந்தக் கரையின் நீலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவளையும் நினைக்கிறேன்.

நிக்கோலா தெ ஸ்தாலையும் சொல்ல வேண்டும். 1954இல் ஆன்திப்புக்கு வந்து அரண்மதிலை ஒட்டிய வீட்டில் ஸ்டுடியோ வைத்தார். 1955 மார்ச்சில் அங்கிருந்து குதித்து இறந்தார். 41 வயது. முடிக்காமல் விட்ட 'கச்சேரி' ஆறு மீட்டர் அகலம், அதே ஆன்திப் மியூசியத்தில் இருக்கிறது. பெரிய சிவப்பு வெளி, இடது ஓரத்தில் கறுப்புப் பியானோ. மருதோன்றி, பிக்காஸோவைப் பார்த்த கண்ணோடு உடனே அதன் முன் போய் நிற்காதீர்கள். வெளியே வந்து கடலைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆலமரத்தடி:

நெய்தல், மரச்சட்டம் இருவருக்கும் நன்றி. ஜூலை என்று நான் எழுதியது தவறு, குளிர்கால ஊர் என்பது எனக்குத் தெரியாது. நம்மவர்கள் யாராவது அங்கே போயிருக்கிறார்களா?

மரச்சட்டம்:

ரஸா இருந்தாரே! எஸ். எச். ரஸா 1950இல் பாரிஸுக்குப் படிக்க வந்தவர். அவரும் மனைவி ஓவியர் ழானின் மோன்ழிலாவும் மாந்தோனுக்கு மேலே மலையில் கோர்பியோ என்ற கிராமத்தில் வீடு வைத்திருந்தார்கள். வருஷத்தில் பல மாதம் அங்கே வேலை செய்தார். மனைவி இறந்து எட்டு வருஷம் கழித்து, 2010இல், டெல்லிக்குத் திரும்பிவிட்டார். கோர்பியோவில் ஊர் நடுவே பழைய பெரிய எல்ம் மரம் ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி வட்டமாக உட்காரலாம். அவருடைய பிந்து ஓவியங்களை நான் முதலில் ரசித்தது அச்சில்தான். அந்த ஊரிலிருந்து கீழே கடலைப் பார்த்தபோது அந்தக் கறுப்பு வட்டம் வேறு மாதிரி மனதில் நின்றது.

நெய்தல் சொன்னது முழுக்க உண்மை. சாலொமோனை நான் விட்டிருக்கக் கூடாது.

மருதோன்றி:

போய்விட்டு வந்தேன். லியோனிலிருந்து ஊர் திரும்பி நான்கு நாள் ஆகிறது, இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை.

கான்யில் அந்தச் சக்கர நாற்காலி நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. தோட்டத்திலிருந்து பார்த்தால் எதிரே பழைய கான்ய் ஊர் தெரிகிறது, நடுவில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. ரெனுவார் பார்த்த காட்சிக்கும் நான் பார்த்ததற்கும் நடுவே நிற்கும் அந்தச் சுவர்களைப் பார்க்க வருத்தமாக இருந்தது. ஆன்திப்பில் பக்கவாட்டில் நின்று பார்த்தேன், அண்ணா. தடிப்பு தெரிந்தது. தெ ஸ்தாலுக்கு முன்பு நெய்தல் சொன்னபடி வெளியே வந்து கடலருகே இருந்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

வான்ஸில் பத்தே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். மேகம். ஒன்றுமே விழவில்லை. பதினொன்று இருபதுக்கு மேகம் விலகி, தரையில் முதலில் மஞ்சள் வந்தது, பிறகு நீலம் அதன் பக்கத்தில் நீண்டது. நான் கேட்க வந்தது அதைப் பற்றித்தான். கண்ணாடியில் மூன்று நிறம் என்று எழுதியிருந்தீர்கள், நானும் எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான். ஆனால் வெளிச்சம் படாத வெள்ளைச் சுவரின் நிழலில் எனக்கு மெல்லிய ஊதா தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அந்த ஊதா எங்கிருந்து வந்தது?

மரச்சட்டம்:

உங்கள் கண்ணிலிருந்து. மஞ்சளையும் பச்சையையும் நெடுநேரம் பார்த்த கண் அவற்றுக்கு எதிர்நிறத்தை வெள்ளையில் தானே போட்டுக்கொள்ளும். சேலைக் கடையில் பச்சையாகவே பத்துப் பார்த்துவிட்டு வெள்ளைப் பக்கம் திரும்பினால் லேசாகச் சிவந்து தெரியுமே, அதுதான். எனக்கு அது தெரிவதற்கு மூன்றாவது முறை போக வேண்டியிருந்தது. நீங்கள் முதல் முறையே பார்த்துவிட்டீர்கள்.

லெ கனே பற்றி ஒன்றும் எழுதவில்லையே, போனீர்களா?

மருதோன்றி:

போனேன் அண்ணா. அங்கே ஒரு படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். அதைப் பற்றி எழுத இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். நான்கு அடி வெள்ளைத் துணியை மடிக்காமல் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன், எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்யாமல்.